தொட்டிக்கு மீன், வாய்க்காலுக்கு வடிகால்

ஜைசல்மேரில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழை 200 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் அது நல்ல வருடம். சென்னையில் மழைக்காலத்தின் ஒரே நாளில் அந்த அளவு கொட்டியதை நாம் பார்த்திருக்கிறோம். அவ்வளவு சொற்ப மழையை வைத்துக்கொண்டுதான் ராஜஸ்தானின் மேற்கு மாவட்ட மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்தார்கள், சமைத்தார்கள், ஆடுமாடும் ஒட்டகமும் வளர்த்தார்கள்.

அன்று அவர்களுடைய நீர், வீட்டோடு இருந்த நீர். முற்றத்தில் ஒரு டாங்கா இருக்கும். நிலத்தடியில் வட்டமாகத் தோண்டி, உள்ளே சுண்ணாம்புக் காரை பூசி, மேலே கவிகை வைத்து மூடிய தொட்டி அது. அதைச் சுற்றிச் சரிவாகக் கெட்டித்த தரைக்கு அகோர் என்று பெயர். மழைக்கு முன் அதைப் பெருக்கிச் சுத்தம் செய்துவைப்பார்கள். செருப்புக் காலோடு மிதிக்கவும் விடமாட்டார்கள். அகோரில் விழுந்த மழை டாங்காவுக்குள் இறங்கி ஒரு குடும்பத்தின் தாகத்தை மாதக்கணக்கில் தீர்க்கும். டாங்கா கட்ட வழியில்லாத இடங்களில் பேரி என்னும் சிறு கிணறுகள் இருந்தன. பிகானேர், ஜைசல்மேர், பாட்மேர் பக்கத்துச் சில ஊர்களில் குயி என்றொரு வியப்பான கிணறு உண்டு. அங்கே மணலுக்கு அடியில் ஜிப்சப் பாறைப் படலம் ஒன்று ஓடுகிறது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அந்தப் படலத்துக்குக் கீழே உள்ள உப்புநீரோடு கலந்துவிடாமல், ஈரமாகவே தங்கி நிற்கும். ஒரு ஆள் மட்டும் இறங்கும் அகலத்தில் கிணறு தோண்டினால் அந்த ஈரம் சொட்டுச் சொட்டாகச் சுரக்கும். நாளுக்குச் சில குடம்தான் கிடைக்கும், ஆனால் இனிப்பான நீர். அந்த ஜிப்சப் படலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதே படலம் வேறொரு வேலை செய்யப்போகிறது.

மலேரியா அன்றும் இருந்தது. மழை பெய்த ஆண்டுகளில் ஆவணி, புரட்டாசியில் வரும். மணல் காய்ந்ததும் அடங்கிவிடும். அதைப் பரப்பியது பெரும்பாலும் அனோபிலஸ் ஸ்டீபென்சி என்ற கொசு. கிணறு, தொட்டி என்று மனிதன் சேமித்துவைக்கும் நீரில் முட்டையிடுவது அதன் வழக்கம். வறண்ட மண்ணில் அதற்குக் கிடைத்த நீரெல்லாம் டாங்காவும் பேரியும்தான். ஆகவே கொசு எங்கே பிறக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் போதும்.

இப்படிப்பட்ட நீருக்குத்தான் கம்பூசியா பொருந்தியது. அமெரிக்காவின் தெற்கிலும் மெக்சிகோவிலும் வாழும் இந்தச் சிறு மீன், 1920களின் தொடக்கத்தில் ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போனது. இத்தாலியிலிருந்து 1928-இல் இந்தியா வந்தது. பெண் மீன் விரல் நீளம், ஆண் அதனினும் சிறிது. வாய் மேல்நோக்கித் திறப்பதால் நீரின் மேற்பரப்பில் இருப்பதைக் கவ்வித் தின்பது இதற்கு எளிது. அனோபிலஸ் புழுவோ மேற்பரப்பில் படுத்தவாறே மூச்சுவிடுவது. வளர்ந்த மீன் ஒன்று நாளொன்றுக்கு நூறிலிருந்து முந்நூறு புழுக்கள் வரை தின்னும் என்று நம் அரசின் மலேரியா வழிகாட்டிகள் கணக்குச் சொல்கின்றன. முட்டையிடாமல் குட்டி போடுகிறது, ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு முறை ஈனுகிறது. குடிநீர்த் தொட்டியில் மருந்து தெளிக்கத் தயங்கும் குடும்பத்துக்கு நாலைந்து மீன் போட்டுவைப்பது நல்ல வழி. நான்கு பக்கமும் காரைச் சுவர் இருப்பதால் மீனும் எங்கும் போகாது, புழுவும் எங்கும் ஒளியாது. இந்த இடத்தில் கம்பூசியா செய்த நன்மையை நான் மறுக்கமாட்டேன்.

கால்வாய் வந்தபோது கணக்கு மாறியது.

பிகானேர் மகாராஜா கங்கா சிங் 1927-இலேயே சட்லெஜ் நீரைத் தன் நாட்டின் வட மூலைக்குக் கொண்டுவந்துவிட்டார். அது கங்கா கால்வாய். அதைவிடப் பெரிய கனவை 1948-இல் பொறியாளர் கன்வர் சைன் முன்வைத்தார்: இமயமலை நீரைப் பாலைவனத்தின் நடுவுக்கே கொண்டுபோவது. 1958 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிகே அணையில் தொடங்கி, 204 கிலோமீட்டர் ஊட்டுக் கால்வாய், அதன்பின் 445 கிலோமீட்டர் முதன்மைக் கால்வாய் என்று அது நீண்டது. ராஜஸ்தான் கால்வாய் என்றிருந்த பெயர், இந்திரா காந்தி மறைவுக்குப் பின் அவர் பெயரானது. 1987 ஜனவரியில் நீர் ஜைசல்மேர் மாவட்டத்து மோகன்கட் வரை எட்டியது. கம்பும் பயறும் மட்டுமே கண்ட மணலில் கோதுமையும் பருத்தியும் கடுகும் விளைந்தன. குடத்தைத் தலையில் வைத்துக் கல் கணக்கில் நடந்த பெண்களுக்கு ஊர்ப்பக்கத்திலேயே தண்ணீர் கிடைத்தது. இந்த நன்மைகளைச் சிறிதாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தண்ணீர் வந்தது தவறே அல்ல. வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி செய்யாததுதான் தவறு.

மணலில் ஓடும் கால்வாய் கசியும். கரையிலிருந்து கசியும், மதகடியில் கசியும், அளவுக்கு மேல் பாய்ச்சிய வயலிலிருந்தும் கசியும். அந்த நீர் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் யாருக்கும் தொல்லையில்லை. ஆனால் பல இடங்களில் கீழே காத்திருந்தது அந்த ஜிப்சப் படலமும் இறுகிய களிமண்ணும். மழைத்துளியைத் தாங்கி இனிய நீர் தந்த அடித்தட்டு, இப்போது கால்வாய்க் கசிவையும் தாங்கியது. கீழே இறங்க வழியில்லாமல் நீர்மட்டம் மேலே ஏறியது, சில பகுதிகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஹனுமான்கட், சூரத்கட் பக்கம் பரோபல் போன்ற ஊர்களில் வயல்கள் ஏரிகளாயின. உப்புப் பூத்த அந்த நீர்த்தேக்கத்தை அங்குள்ள விவசாயிகள் சேம் என்பார்கள். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறி, மரங்கள் பட்டு, ஊரையே காலிசெய்துவிட்டுப் போனவர்கள் உண்டு. பாலைவனத்தில் தண்ணீர் மிகுந்து ஊர் அழிவதை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

சேமோடு புதிய கொசு வந்தது. அனோபிலஸ் குலிசிபேசிஸ் என்ற அது, இந்தியக் கிராமப்புற மலேரியாவின் முதன்மைக் கடத்தி. வெயில் படும் தெளிந்த நீர், மெதுவாக நகரும் வாய்க்கால், கசிவுக் குட்டை, நாற்று நட்ட வயல், மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம் எல்லாம் அதற்குப் போதும். ஜோத்பூரில் அன்றிருந்த பாலைவன மருத்துவ ஆய்வு மையத்தில் பணியாற்றிய பூச்சியியலாளர் பி.கே. தியாகி, இந்தக் கொசு கால்வாயின் வழியே தார்ப் பாலைவனத்துக்குள் ஊடுருவி நிலைத்ததைத் தொடர்ந்து பதிவு செய்தார். பின்னாளில் மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் அவர். பழைய ஸ்டீபென்சியும் போகவில்லை. வீட்டுத் தொட்டியில் ஒன்று, வயல் குட்டையில் ஒன்று என்று இரண்டு கடத்திகள் சேர்ந்துகொண்டன. கால்வாய் வெட்டவும் புது நிலத்தில் உழைக்கவும் வெளியூர்களிலிருந்து வந்தவர்களின் இரத்தத்தில் கிருமியும் வந்தது. அங்குள்ளவர்களுக்கோ அதைத் தாங்கிப் பழகிய உடம்பில்லை.

1994-இல் பருவமழை வழக்கத்தை மீறிப் பெய்தது. அடுத்த சில மாதங்களில் மேற்கு ராஜஸ்தானின் கிராமங்களில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அதுவும் மூளையைத் தாக்கும் பால்சிபேரம் வகை. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அதே செப்டம்பரில் சூரத் நகரில் பிளேக் பீதி கிளம்பியதால் நாட்டின் கண்ணெல்லாம் அங்கே போயிற்று. பாலைவனத்தில் செத்தவர்களைப் பற்றி நாடு குறைவாகவே பேசியது. அந்தக் கொள்ளைநோய்க்குக் காரணம் மழையா, கால்வாயா என்று ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். கால்வாய் எட்டாத ஊர்களிலும் நோய் பரவியது உண்மை. மழைதான் தூண்டியது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் ஆண்டு முழுதும் கொசுவுக்கு இருப்பிடமும் கிருமிக்கு இரத்தமும் தயாராக இருந்த மண்ணில் அந்த மழை விழுந்தது. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அதே மழை பெய்திருந்தால் இத்தனை சாவு விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது மீனுக்கு வருவோம். டாங்காவில் வேலை செய்த மீனைக் கால்வாய்ப் பகுதிக் குட்டைகளிலும் கொண்டுபோய் விட்டார்கள். மாவட்டந்தோறும் வளர்ப்புக் குளம் வைத்து, மழைக்காலத்துக்கு முன் வாளிகளில் எடுத்துப்போய் ஊற்றுவது சுகாதாரத் துறையின் வாடிக்கையானது. செலவு குறைவு, பார்ப்பவர்களுக்கும் நிறைவு. ஆனால் கால்வாய் நீர் முறை வைத்து வருவது. அங்கே அதை பாரி என்பார்கள். ஒரு பாரிக்கும் அடுத்த பாரிக்கும் நடுவில் சிறு வாய்க்கால் வற்றி, அங்கங்கே தேங்கிய நீர் மட்டும் மிஞ்சும். ஆண்டுக்கொரு முறை பராமரிப்புக்காகக் கால்வாயையே மூடிவைப்பார்கள். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்கப் பத்து நாள் போதும் என்பதால், தேங்கிய நீர் காய்வதற்குள் ஒரு தலைமுறை கிளம்பிவிடும். முழுக்க வற்றிய இடத்தில் மீன் கருவாடாகிக் கிடக்கும். நீர் திறந்துவிட்டாலோ வேகத்தில் அடித்துப் போய்விடும். புல் அடர்ந்த கரையோரத்தில் புழு ஒளிந்திருக்கும், மீனால் உள்ளே நுழைய முடியாது. குளம்புப் பள்ளத்தில் மீனை யார் விடுவது? கால்வாய்ப் பாசனத்தில் மீனுக்குப் பொருத்தமான ஒரே இடம் டிக்கி. விவசாயிகள் தங்கள் முறை நீரைப் பிடித்துவைக்கக் கட்டும் தொட்டி அது. டாங்காவைப் போலவே எல்லை உள்ள நீர்.

மருத்துவ ஆய்வுகளை எடைபோட்டுப் பார்க்கும் காக்ரேன் குழு, கொசுப்புழு தின்னும் மீன்கள் பற்றி 2013-இலும் மீண்டும் 2017-இலும் உலக அளவில் ஆராய்ந்தது. சில நீர்நிலைகளில் மீன் விட்டபின் புழுக்கள் குறைந்ததற்குச் சான்று கிடைத்தது. மனிதருக்கு வரும் மலேரியா குறைந்தது என்று காட்ட நம்பகமான சான்று ஒன்றும் கிடைக்கவில்லை. நூறாண்டுகளாக உலகெங்கும் கொண்டுபோய் விடப்பட்ட மீனைப் பற்றிய தீர்ப்பு இது.

வடிகால்தான் விஷயம் என்பது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1840களில் மேற்கு யமுனா கால்வாயை ஒட்டியிருந்த கர்னால் ராணுவ முகாமைக் காய்ச்சல் காரணமாகக் கைவிட வேண்டியதாயிற்று. விசாரிக்க ஒரு குழுவை அமைத்தார்கள். அதில் இருந்த மருத்துவர் டெம்ப்ஸ்டர், கால்வாயோர ஊர்களில் மக்களின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார். மலேரியாவை அளக்க உலகம் அதன்பின் நெடுங்காலம் பயன்படுத்திய முறை அங்கேதான் பிறந்தது. கொசுதான் காரணம் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. இருந்தும் 1847-இல் வந்த அறிக்கை சரியான இடத்தைத் தொட்டது: கால்வாய் இயற்கை வடிகாலை மறிக்கும் இடத்தில், நீர் இறங்காத கெட்டி மண்ணில், நோய் மிகுதி, நீர் வடியும் மண்ணில் கால்வாயால் பெரிய தீங்கில்லை. இந்திரா காந்தி கால்வாய்க்கு அடிக்கல் நாட்டுவதற்கு நூறாண்டுக்கு முன்பே அரசு அலமாரியில் இருந்த உண்மை அது. அதைப் படிக்காமல் போனதற்கு மன்னிப்பு இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை அந்நியமில்லை. 1934-இல் மேட்டூர் அணை திறந்தபின் கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பக்கத்து வானம் பார்த்த பூமிக்குக் காவிரி வந்தது. நெல்லோடு மலேரியாவும் வந்தது. தஞ்சையின் பழைய டெல்டாவில் ஆயிரம் ஆண்டுகளாக நெல் விளைந்தும் மலேரியா பெரிதாக இல்லை. புதிதாக நீர் பெற்ற பகுதியில்தான் பிடித்தது. ராக்பெல்லர் நிறுவனத்தின் பால் ரஸ்ஸலும், பிற்காலத்தில் புனே வைரஸ் ஆய்வு மையத்தின் இயக்குநரான டி. ராமச்சந்திர ராவும் அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். கடத்தியாக அகப்பட்டது அதே குலிசிபேசிஸ். நட்ட வயலில் பயிர் ஏறக்குறைய ஓரடி உயரும் வரைதான் அது முட்டையிடுகிறது, பயிர் அடர்ந்தபின் விலகிவிடுகிறது என்று கண்டார்கள். அதைவிட முக்கியமாக, நோயின் வேர் நெல் அல்ல, ஒழுங்கற்ற பாசனம் என்றார்கள்: கசியும் கரை, மண் எடுத்த குழி, மூடாத மதகு, போக்கில்லாத கழிவு நீர். பட்டுக்கோட்டையில் எழுதிய அந்தக் காரணங்களை ஊர்ப்பெயர் மட்டும் மாற்றிப் பிகானேருக்கு அப்படியே வைக்கலாம்.

வடிகாலுக்குப் பதிலாக மீனைக் கொட்டியதன் விலையை வேறு உயிர்கள் கொடுத்தன. கம்பூசியா கொசுப்புழுவை மட்டும் தின்பதில்லை. மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாம் அதற்கு இரை. தன்னைவிடப் பெரிய மீனின் துடுப்பையும் கடித்துக் குதறும். நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குயிர்களைத் தின்று தீர்ப்பதால் பாசி பெருகி நீர் கெடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், வறண்ட நிலத்து எட்ஜ்பாஸ்டன் ஊற்றுகளில் மட்டுமே வாழும் செந்துடுப்பு நீலக்கண் மீன், கம்பூசியா புகுந்த ஊற்றுகளில் அழிந்து, இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் கம்பூசியாவும் இருக்கிறது. புதிய இடங்களில் இதை விட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1980களிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அண்மையில்கூட ஆந்திர அரசு ஏறக்குறைய ஒரு கோடி கம்பூசியாக்களை நீர்நிலைகளில் விட்டது. சூழலியலாளர்கள் எதிர்த்துப் பேசியது நியாயமே.

புழு தின்ன நமக்கு அந்நிய மீன் தேவையும் இல்லை. நம் வயல் வாய்க்கால்களில் தலையில் வெள்ளிப்பொட்டு மின்ன மேற்பரப்பில் நீந்தும் முண்டக்கண்ணி அந்த வேலையைக் காலங்காலமாகச் செய்து வந்திருக்கிறது. கட்ச் பகுதியின் உவர்நீரில் வாழும் அஃபானியஸ் என்ற மீன் உப்பையும் வெயிலையும் தாங்கிக்கொண்டு கொசுப்புழுவைத் தின்னும். தாரின் உப்பேறிய குட்டைகளுக்கு இதைப் பற்றி யோசித்திருக்கலாம்.

இன்றைய நிலை 1994 போல் இல்லை. ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்து, ஊரிலேயே பதினைந்து நிமிடத்தில் இரத்தம் பார்க்கும் சோதனைப் பட்டை, மருந்தேற்றிய கொசுவலை ஆகியவை நிலைமையை மாற்றின. இந்தியாவில் 2015-இல் 11.69 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகள், அரசுக் கணக்கின்படி 2023-இல் 2.27 லட்சமாகக் குறைந்தார்கள். 2030-க்குள் நோயை ஒழிப்பது நாட்டின் இலக்கு. கால்வாயிலும் நல்ல மாற்றங்கள் உண்டு. கரையோரம் நட்ட தைல மரங்கள் நீரை உறிஞ்சி நிலத்தடி மட்டத்தை இறக்கின. பல இடங்களில் வாய்க்கால் பாசனத்துக்குப் பதில் தெளிப்பு நீர் வந்தது. பஞ்சாபில் கசிந்துகொண்டிருந்த ஊட்டுக் கால்வாய்க்குப் புதிதாகத் தளமிட 2018-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. இவை மீனைப் போல விழா எடுத்து விடக்கூடியவை அல்ல. ஆனால் நோயின் வேரில் கைவைத்தவை இவைதான்.

ஆபத்து தீர்ந்துவிடவில்லை. குலிசிபேசிஸ் தாரில் நிரந்தரக் குடியாகிவிட்டது. ஒரு கனமழை ஆண்டும் மெத்தனமான நிர்வாகமும் சேர்ந்தால் போதும். தாரின் பழைய ஸ்டீபென்சியோ தன் எல்லையை விரித்துக்கொண்டே போகிறது. 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியில் தென்பட்டது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்ற இலங்கையில், அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரின் கிணறுகளில் அதைக் கண்டார்கள்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் ஊரிலும் கொசு ஒழிப்புக்கு மீன் விட வருவார்கள். என்ன மீன், எந்த நீரில் விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். கரை கட்டிய கிணற்றிலும் தொட்டியிலும் விடட்டும். ஏரியிலும் கண்மாயிலும் கம்பூசியாவைக் கொட்ட வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படியே அவர்களை அழைத்துப்போய்க் கசியும் மதகையும் அடைபட்டுக் கிடக்கும் வடிகாலையும் காட்டி, முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.